கரன்ட் போனால் சோலாரும் ஏன் நிற்கிறது?

கேள்வி: மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. பேட்டரி கிடையாது. "இனி கரன்ட் கட் கவலையே இல்லை" என்று சொல்லி விற்றார்கள். ஆனால் நல்ல வெயிலிலும் கரன்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறது. இன்வெர்ட்டரை மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: உங்கள் இன்வெர்ட்டர் சரியாகத்தான் வேலை செய்கிறது. விற்றவர் சொன்னதுதான் தவறு.

பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் (தெரு மின் லைனோடு இணைந்த) இன்வெர்ட்டர், அந்த லைனின் வோல்டேஜையும் ஃப்ரீக்வென்ஸியையும் பின்பற்றித்தான் ஓடும். லைன் செத்தால் அதுவும் நிற்க வேண்டும்; மின் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐ.இ.இ.இ.யின் 1547 தரவிதி இதற்கு 2 விநாடிதான் தருகிறது. காரணம், லைன்மேன். சப்ளை நிறுத்தியாயிற்று என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பார். அப்போது உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் வெளியே போனால், தெரு டிரான்ஸ்ஃபார்மர் அதை எதிர்த்திசையில் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றிவிடும். அவர் உயிர் போய்விடும். அதனால், "ஒரு சின்ன வயரிங் மாற்றினால் ஓடும்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கரன்ட் இல்லாதபோதும் ஓட வேண்டுமானால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். கரன்ட் போனதும் அது வீட்டைத் தெரு லைனிலிருந்து பிரித்துவிட்டு, தனியாக ஒதுக்கிய விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜுக்கு மட்டும் மின்சாரம் தரும். தண்ணீர் மோட்டாரையும் சேர்ப்பதென்றால் கவனம்: கிளம்பும்போது அது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். பேனல்கள் பெரும்பாலும் பழையவையே போதும். மாற்றுவதற்கு முன் மின் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விற்றவர் சொன்னது கொட்டேஷனிலோ வாட்ஸ்அப்பிலோ பதிவாகியிருந்தால் அதை வைத்து அவரிடம் தாராளமாக இழப்பீடு கேட்கலாம்.

கேள்வி: "முழுப் பணத்தையும் கட்டுங்கள், கிரிட் அனுமதி அப்புறம் வாங்கித் தருகிறோம்" என்கிறார் டீலர். (சோலாரைத் தெரு லைனில் இணைக்க மின் நிறுவனம் தரும் அனுமதி அது.) நம்பலாமா?

பதில்: வேண்டாம். அனுமதி கையில் வந்த பிறகே பேனல் மாடி ஏறட்டும். உங்கள் பகுதி டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது என்றால், மின் நிறுவனம் வெளியே அனுப்பும் அளவைக் குறைக்கச் சொல்லலாம், மறுக்கவும் செய்யலாம். புது மீட்டர் வரும்வரை பழைய மீட்டரில் ஓட்டலாம் என்று டீலர் சொல்வார், அதற்கும் சம்மதிக்காதீர்கள். சில மீட்டர்களுக்குத் திசை தெரியாது. நீங்கள் கொடுத்த யூனிட்டையும் வாங்கியதாகவே எண்ணி பில்லில் ஏற்றிவிடும். இருவழி மீட்டர் பொருத்தி, வெளியே போன யூனிட் தனியாகப் பதிவாவதைக் கண்ணால் பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.