பைரெக்ஸ் பாத்திரத்தை வாங்கப் போனவள்

(வாசகர் கேள்வி – பதில்)

போன இதழில் ‘தி மார்வலஸ் மிஸஸ் மேய்ஸல்’ தொடரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். 1958இல் நியூயார்க்கில் கணவன் விட்டுப்போன மிட்ஜ் என்ற யூதப் பெண், மேடையில் தனியாக நின்று பேசிச் சிரிக்கவைக்கும் ஸ்டாண்ட் அப் காமெடியன் ஆகிற கதை. அதற்கு வந்த கடிதங்களுக்கே இந்த வாரப் பக்கம் சரியாகிவிட்டது.

பணக்கார வீட்டுப் பெண்ணின் கதை அது. வேலைக்காரி, பெரிய வீடு, வேளைக்கு ஒரு கோட்டு. நமக்கும் அதற்கும் என்னக்கா சம்பந்தம்?
– வாசகி, கொருக்குப்பேட்டை

முதல் எபிசோடை நினைத்துப் பார் தங்கச்சி. மேடையில் காமெடி செய்ய ஆசைப்படும் கணவன் ஜோயலுக்குக் கேஸ்லைட் என்ற கிளப்பில் பேச நல்ல நேரம் கிடைக்கவேண்டும் என்று, வீட்டில் சமைத்த இறைச்சியைப் பைரெக்ஸ் கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்துப்போய்க் கொடுப்பாள். வேறொரு பெண்ணோடு பழக்கம் என்று சொல்லிவிட்டு அவன் பெட்டியோடு கிளம்பிய ராத்திரி, மழையில் நைட்டியோடு ஓடுகிறாளே, எதற்கு? அந்தப் பாத்திரத்தைத் திரும்ப வாங்க. புருஷன் போய்விட்டான், பாத்திரமாவது மிஞ்சட்டும். நம் தெருவில் எவர்சில்வர் தூக்கை யார் வீட்டுக்காவது கொடுத்துவிட்டு அது திரும்பி வரும்வரை தூங்காத பெண்கள் எத்தனை பேர்! அந்த இடத்தில்தான் நான் தொடருக்குள் போனேன்.

இன்னொரு காரணமும் உண்டு. 2003, 2004 தண்ணீர்ப் பஞ்சத்தில் லாரிக்கு ராத்திரி இரண்டு மணிக்கே குடத்தை வரிசையில் வைப்போம். பக்கத்து வீட்டு அத்தை அந்த வரிசையில் நின்று ரேஷன் கடைக்காரர் எடை போடுவதை, தன் மாமியார் காபி ஆற்றுவதை, பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நடித்துக் காட்டும். குடத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். ஆம்பளைக் குரல் ஒன்று கேட்டால் போதும், முந்தானை வாய்க்கு வந்துவிடும், பேச்சு நின்றுவிடும். ஒரு வருஷம் தெருவில் ஆடித் திருவிழா நிகழ்ச்சியில் அத்தையைப் பத்து நிமிஷம் பேசவிடச் சொல்லி நானே போய்க் கேட்டேன். பொம்பளைக்கு மைக் எதற்கு என்றார்கள். அத்தை போய் எட்டு வருஷம் ஆகிறது. மிட்ஜ் மைக்கைப் பிடித்து நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரிசைதான் கண்ணில் தெரிகிறது.

கல்லூரியில் நானும் காமெடி செய்கிறேன். மிட்ஜ் போய் நின்றதும் வார்த்தை கொட்டுகிறது. நிஜத்தில் அப்படி வருமா?
– வாசகர், வியாசர்பாடி

பாத்திரம் வாங்கப் போன அந்த முதல் ராத்திரி மேடையில் கோபத்தில் கொட்டியது தம்பி. அடுத்த ராத்திரிகளைப் பார். சிரிப்பே வராமல் இறங்குகிறாள். பயந்துபோய்க் காசு கொடுத்து ஒரு எழுத்தாளரிடம் ஜோக் வாங்குகிறாள். அதைச் சொல்லி இன்னும் மோசமாக விழுகிறாள். ஜோயல் கதையும் அதுதானே? பாப் நியூஹார்ட் என்ற நிஜக் காமெடியனின் ஜோக்கை எடுத்து மேடையில் தன்னுடையதாகச் சொன்னவன் அவன். (நியூஹார்ட்டின் அந்த ரெக்கார்டு 1960இல்தான் வெளிவந்தது. கதை 1958இல் நடப்பதால் காலம் கொஞ்சம் இடிக்கிறது.) பழைய வண்ணாரப்பேட்டையில் 31 வருஷம் ஜாக்கெட் தைத்தவள் நான். ஒருத்தி அளவுக்கு வெட்டியதை இன்னொருத்திக்குப் போட்டால் அக்குளில் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை நீ கவனித்தாயா? மிட்ஜ் தினமும் தன் கணுக்கால், தொடை, இடுப்பு எல்லாம் டேப்பால் அளந்து நோட்டில் எழுதிவருவாள். கணவன் தூங்கிய பிறகு மேக்கப்பைக் கலைத்து, அவன் எழுமுன் எழுந்து மறுபடி போட்டுக்கொள்வாள். அந்த ஒழுங்கு முழுதும் அவனுக்காக. அவன் போன பிறகு அதே ஒழுங்கு ஜோக்குக்கு வருகிறது. எந்த வார்த்தைக்குச் சிரித்தார்கள், எதற்குச் சிரிக்கவில்லை என்று குறிக்கிறாள், மாற்றுகிறாள், மறுபடி சொல்கிறாள். தொடரை உருவாக்கிய ஏமி ஷெர்மன் பல்லடினோவின் அப்பா டான் ஷெர்மனும் ஸ்டாண்ட் அப் காமெடியன்தான். இந்தத் தொழிலின் பாடு வீட்டிலிருந்தே அந்த அம்மாவுக்குத் தெரியும். நீயும் ஒரு நோட்டு வாங்கு. அளவு எடுக்காமல் துணியில் கத்தரி வைக்காதே.

லென்னி புரூஸ் என்று ஒருவர் வருகிறாரே, உண்மையில் இருந்தவரா?
– வாசகர், மாதவரம்

இருந்தவர் ஐயா, ஸ்டாண்ட் அப் காமெடியன். 1925இல் பிறந்தார், 1966இல் நாற்பது வயதில் போய்விட்டார். மேடையில் ஆபாசமாகப் பேசினார் என்று 1961இல் சான் பிரான்சிஸ்கோவில் கைது. 1964இல் நியூயார்க்கில் மறுபடி கைது, வழக்கு, தண்டனை. அப்பீல் முடிவதற்குள் உயிர் போயிற்று. 2003 டிசம்பரில்தான் நியூயார்க் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார், ஆள் போய் 37 வருஷம் கழித்து. தொடரில் மிட்ஜ் முதல்முறை போலீஸ் வண்டியில் ஏறும்போது உள்ளே உட்கார்ந்திருப்பவர் இவர்தான். லூக் கர்பி நடித்திருக்கிறார். கடைசி எபிசோடின் தொடக்கத்தில் 1965இல் ஒடிந்துபோன லென்னியைக் காட்டுவார்கள். அதைப் பார்த்த அன்று எனக்கு மிஷின் மிதிக்கவே கால் வரவில்லை.

மேடைப் பேச்சுக்குப் போலீஸ் வந்தது அமெரிக்காவில் மட்டும்தானா? வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடை கொட்டகையில் நாடகம் பார்த்து வளர்ந்தவர் என் அப்பா. எம்.ஆர். ராதாவின் பேச்சு பேச்சாகச் சொல்வார். ராதாவின் ராமாயண நாடகத்துக்கு வந்த எதிர்ப்பும் 1954இல் மதராஸ் அரசு கொண்டுவந்த நாடகச் சட்டமும் நம் ஊர்க் கதை. லென்னியைப் பார்க்கும்போது ராதாவை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

அந்தக் காலத்தில் நம்மிடம் மிட்ஜ் மாதிரி யாராவது உண்டா?
– வாசகி, தண்டையார்பேட்டை

தொடர் தொடங்கும் அதே 1958இல் ‘மாலையிட்ட மங்கை’ வந்தது. கண்ணதாசன் தயாரித்த படம். அதில்தான் மனோரமா சினிமாவுக்கு வந்தார், அதுவும் காமெடி வேஷத்தில். பிற்பாடு குழந்தை பிறந்த கொஞ்ச நாளிலேயே கணவர் விலகிப்போக, பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனார். மிட்ஜ் கற்பனைப் பெண். மனோரமாவோ நிஜமாக வாழ்ந்தவர், மிட்ஜை விட அதிகம் சுமந்தவர். அவருக்கு முன்னால் டி.ஏ. மதுரம் இருந்தார். என்.எஸ்.கே.யின் மனைவி என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அவர் இல்லாமல் அந்த ஜோடியின் சிரிப்பு பாதிகூட வந்திருக்காது.

இன்றைக்குச் சொல் என்றால் நம் ராயபுரத்து இசைவாணி. கானா என்றாலே ஆம்பளைக் குரல் என்று இருந்த இடத்தில் போய் நின்று பாடியவள். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவள் பெயர் வந்தபோது எங்கள் தெருவில் பேசாத வாய் இல்லை.

பாடகர் ஷை பால்ட்வின் மிட்ஜைத் தன் டூரிலிருந்து கழற்றிவிட்டது நியாயமா?
– வாசகி, திருவொற்றியூர்

நியாயம்தான். நம்பிச் சொன்ன ரகசியத்தின் ஓரத்தை அவருடைய ஊர்க்காரர்கள் முன்னாலேயே, அப்போலோ என்ற அரங்கின் மேடையில், மிட்ஜ் ஜோக்காக்கினாள். ஷை கறுப்பினப் பாடகர், ஆண்களை விரும்புகிறவர். அந்தக் காலத்தில் வெளியே தெரிந்தால் தொழிலும் போகும், உயிருக்கும் ஆபத்து. மிட்ஜ் எனக்கு எவ்வளவு வேண்டியவளாக இருந்தாலும் அந்த ராத்திரி அவள் பக்கம் நான் நிற்கமாட்டேன்.

டெய்லர் அக்கா உடைகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?
– வாசகி, ராயபுரம்

டோனா ஸகோவ்ஸ்கா என்ற அம்மாவின் வேலை அது. நிறத்துக்கு நிறம் இழைந்து வரும். ஆனால் என் மனசில் தங்கியது அழகான கோட்டு இல்லை. சோஃபி லெனன் என்ற பெரிய காமெடி நடிகை வருவாளே, மாளிகையில் இருந்துகொண்டு மேடையில் மட்டும் உடம்பெல்லாம் பஞ்சு வைத்துக் குண்டான குடும்பப் பெண்ணாக நிற்பாள், அந்தப் பஞ்சு உடுப்புதான். தன் உடம்போடு ஒரு பெண் மேடையேறினால் சிரிக்கமாட்டார்கள் என்று நம்பித் தைத்துக்கொண்ட உடுப்பு அது. மிட்ஜ் கறுப்பு கவுனில் தானாகவே ஏறுகிறாள். அந்த இரண்டு உடுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எனக்கு மிட்ஜை விட மேனேஜர் சூசியைத்தான் பிடித்தது. உங்களுக்கு?
– வாசகி, காசிமேடு

எனக்கும்தான் கண்ணு. சுவரோடு மடக்கும் கட்டில் உள்ள ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு, இவள் பெரிய ஆளாக வருவாள் என்று முதல் ராத்திரியே கண்டவள். கேட்ஸ்கில்ஸ் மலை விடுதிக்கு மிட்ஜைத் தேடிப் போய், கையில் கக்கூஸ் அடைப்பெடுக்கும் ரப்பர் கட்டையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அது கையில் இருந்தால் யாரும் யார் நீ என்று கேட்பதில்லை. வேலைக்காரி முகத்தை ஊர் பார்ப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். அலெக்ஸ் போர்ஸ்டீன் அந்த நடையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்.

கடைசி எபிசோடில் டிவி நிகழ்ச்சியில் மிட்ஜ் எழுந்துபோய் மைக்கைப் பிடித்துப் பேசும் நாலு நிமிஷத்தை எல்லாரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு வருவதுதான். ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருந்து சேர்ந்த மிட்ஜும் சூசியும், இரண்டு கிழவிகளாக, ஆளுக்கொரு ஊரில், காதில் போனை வைத்துக்கொண்டு ஒரே வினாடி வினா நிகழ்ச்சியைச் சேர்ந்து பார்ப்பார்கள். ஒருத்தி ஏதோ சொல்ல, இன்னொருத்தி சிரிக்க. என் மகள் டிவியை நிறுத்தப் போனாள், கொஞ்சம் இருடி என்றேன்.

பத்து வயசு மகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?
– வாசகி, எண்ணூர்

வேண்டாம். முதல் எபிசோடிலேயே மேடையில் மார்பைத் திறந்து காட்டிக் கைதாகிறாள், பேச்சிலும் கெட்ட வார்த்தை நிறைய. மொத்தம் ஐந்து சீசன், 43 எபிசோட், அவசரமில்லை. மகள் தூங்கட்டும், நீங்களும் உங்கள் அக்காவும் பாருங்கள்.