கல்லா, கேப்பா, பிரைமரா? குழல் வாய்வழி வெடிமருந்திடும் துப்பாக்கி பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: முதல்முறையாக, குழலின் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் திணிக்கும் வேட்டைத் துப்பாக்கி வாங்குகிறேன். எந்தப் பற்றவைப்பு முறையை எடுக்கலாம்?

பதில்: முறைகள் மூன்று. பிளின்ட்லாக்கில் கல் எஃகில் உரசி எழும் பொறி, கிண்ணி என்னும் சிறு குழியிலுள்ள மருந்தைப் பற்றவைக்கும். கேப் என்பதும் பிரைமர் என்பதும் அடித்தால் வெடித்து நெருப்புத் தரும் சிறு உலோகக் குப்பிகள். முதலில் நீங்கள் வேட்டையாடப் போகும் இடத்தின் விதியைப் படியுங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸை ஒட்டித் தொடங்கும் பிளின்ட்லாக் மான் பருவத்தில் கேப், பிரைமர் துப்பாக்கிகளுக்கு இடமில்லை. ஐடஹோ மாநிலத்தில் வாய்வழித் துப்பாக்கிக்கென ஒதுக்கிய பருவத்தில் 209 என்னும் அளவுப் பிரைமர் கூடாது. விதி தடுக்காவிட்டால், 209 பிரைமர் போடும் இன்லைன் வகையைத்தான் சொல்வேன். மருந்துக்கு நேர் பின்னால் வெடிப்பதால் நெருப்பு வளைந்து போக வேண்டியதில்லை. பழைய வடிவத்தில்தான் மனசு என்றால் 11ஆம் எண் கேப் துப்பாக்கி எடுங்கள், தப்பில்லை.

கேள்வி: என் பிளின்ட்லாக்கில் கிண்ணி மருந்து பளிச்சென எரிகிறது, குண்டு கிளம்புவதில்லை. கிளம்பினாலும் தாமதம். பைரோடெக்ஸ் என்னும் மாற்று மருந்து போடுகிறேன்.

பதில்: கோளாறு பெரும்பாலும் மருந்தில்தான். மாற்று மருந்துகள் பற்றிக்கொள்ள அசல் கருமருந்தைவிட அதிகச் சூடு வேண்டும். கிண்ணியில் எழும் சுடர் அதற்குப் போதாது. பிளின்ட்லாக்குக்கு உள்ளேயும் கிண்ணியிலும் அசல் கருமருந்துதான். கிண்ணிக்கு 'நான்கு எஃப்' என்னும் மிகப் பொடியான ரகம்.

அப்புறம், கிண்ணியை நிரப்பி வழியவிடாதீர்கள். கிண்ணியிலிருந்து குழலுக்குள் போகும் பக்கத்துத் துளை மருந்தால் மூடிக்கொண்டால் அது திரி மாதிரி மெல்ல எரிந்து உள்ளே போகும், உங்கள் தாமதம் அங்கேயும் பிறக்கலாம். துளை திறந்திருந்தால் சுடரே நேராகப் பாயும். அந்தத் துளையை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். கல்லின் விளிம்பு கூராக இருக்கட்டும். கல் உரசும் எஃகு முகத்தில் எண்ணெய்ப் பசை இருக்கவே கூடாது. இவ்வளவும் சரியானாலும் ஒரு கணம் பிந்தும். சுடர் தெரிந்ததும் தலையைத் தூக்காமல் குறியிலேயே கண்ணை வையுங்கள். பிளின்ட்லாக்கை நான் நேசிப்பதே இந்தப் பொறுமையைக் கற்றுத் தருவதால்தான்.

கேள்வி: மழையில் எது தாங்கும்?

பதில்: மூடிய இன்லைனில் 209. அடுத்தது, நிப்பிளில், அதாவது கேப் மாட்டும் முனையில், இறுக்கமாக உட்கார்ந்த கேப். பிளின்ட்லாக் என்றால் பூட்டின் மேல் தோல் உறை கட்டி, கிண்ணி மருந்தை அடிக்கடி மாற்ற வேண்டும்.

கேள்வி: 11ஆம் எண் கேப்பிலிருந்து அதைவிடப் பெரிய மஸ்கெட் கேப்புக்கு மாறலாமா?

பதில்: மாறலாம். நெருப்பு அதிகம், குளிரில் விறைத்த விரலுக்கும் எடுக்கச் சுலபம். உங்கள் துப்பாக்கியின் மரைக்குப் பொருந்தும் நிப்பிள் வாங்குங்கள். கேப்பின் மேல் விழுந்து அடிக்கும் குதிரையின் முகம் அந்தப் பெரிய கேப்பை முழுதாக மூடுகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: 209 எல்லாம் ஒன்றுதானே?

பதில்: இல்லை. ஷாட்கன் தோட்டாவுக்கான பிரைமர் வலுவானது. டிரிபிள் செவன் என்னும் மாற்று மருந்தோடு சேரும்போது குழலுக்குள் கெட்டியான கசடு வளையம் கட்டும், அடுத்த குண்டு அதில் சிக்கும். வாய்வழித் துப்பாக்கிக்கென்றே மிதமான 209 பிரைமர்கள் விற்கிறார்கள். அதே மருந்து அளவில் இரண்டையும் சுட்டு, குண்டுகள் எது நெருங்கி விழுகிறதென்று பாருங்கள்.

கேள்வி: விசையை இழுத்தும் வெடிக்கவில்லை. உடனே வேறு கேப் மாட்டலாமா?

பதில்: கூடாது. குழலைப் பாதுகாப்பான திசையிலேயே பிடித்தபடி குறைந்தது ஒரு நிமிடம் காத்திருங்கள், உள்ளே மருந்து கனிந்துகொண்டிருக்கலாம். அதன்பிறகே புதுக் கேப். குழல் வாய்க்கு நேரே முகத்தையோ கையையோ எப்போதும் கொண்டுபோகாதீர்கள்.