'லேட்டண்ட்' என்றால் என்ன? 'இன்விசிபிள்' என்பதும் அதுவும் ஒன்றா?

ஒன்றில்லை. இந்த ஒரு சொல்லால் எங்கள் வீட்டில் நான்கு நாள் அடுப்பு சரியாக எரியவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு: இன்விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரியாதது, அவ்வளவுதான். காற்று தெரியாது, ஆனால் அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. லேட்டண்ட் அப்படியில்லை. உள்ளே இருக்கிறது, இப்போதைக்கு வெளியே காட்டிக்கொள்ளவில்லை, தோது வந்தால் வெளிப்படலாம். ஒளிந்திருப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தாமதத்தைச் சொல்லும் 'லேட்'டுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நான் மாட்டியது இங்கேதான்.

அம்மாவுக்கு முடக்குவாதம். மாத்திரைக்குக் கேட்காமல் போகவே, புது ஊசி தொடங்கலாம் என்றார் டாக்டர். அது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்பதால் முதலில் டிபி பார்த்துவிடுவார்கள். முன்கையில் மாண்டூ ஊசி போட்டு, மூன்றாம் நாள் தடிப்பை ஸ்கேல் வைத்து அளந்தார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை டாக்டரிடமிருந்து வாட்ஸப்பில் ஒரே வரி: 'லேட்டண்ட் டிபி. திங்கள் வரவும்.'

ஆபீஸில் பத்துப் பேருடைய ஆங்கில மெயிலைத் திருத்திக் கொடுக்கிறவன் நான். லேட் ஸ்டேஜ் என்பதைத்தான் இப்படி எழுதியிருக்கிறார் என்று நானே முடிவுகட்டி, "முத்திப்போச்சாம்க்கா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். அம்மா காதில் விழுந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. தன் தட்டையும் எவர்சில்வர் டம்ளரையும் தனியாகக் கழுவி ஜன்னல் திண்டில் கவிழ்த்து வைத்தார். பாயைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். அக்கா பையன் "ஆச்சி" என்று ஓடினால், கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே "கிட்ட வராத ராசா" என்பார்.

திங்கட்கிழமை நர்ஸம்மா சிரித்தேவிட்டார். "கிருமி சும்மா பதுங்கிக் கிடக்கு சார். இருமலே கிடையாது, அடுத்தவங்களுக்கு எப்படி ஒட்டும்? ஊசி போட்டா அது தலைதூக்கிரக் கூடாதுல்ல, அதான் முதல்ல மாத்திரை." வாரம் ஒரு தடவை, 12 வாரம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினார். இப்படிக் கிருமி பதுங்கியிருப்பவர்களில், மாத்திரை எடுக்காவிட்டாலும், 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் ஆயுசுக்குள் அது நோயாக வெளிப்படும்.

டாக்டருக்கு போன் செய்திருக்கலாமே என்பீர்கள். செய்தேன், எடுக்கவில்லை. கூகுளில் பார்த்திருக்கலாமே என்றால், ஆமாம், பார்த்திருக்கலாம். அர்த்தம் தெரியும் என்று நினைத்த சொல்லைத் தேட எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வயிற்றெரிச்சல் வேறு விஷயத்தில். நான் தமிழ்வழியில் படித்தவன். 'உள்ளுறை வெப்பம்' தலைகீழ்ப் பாடம். 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வேண்டும். வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், உருகி முடிகிறவரை தெர்மாமீட்டர் அசையாது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் இதற்கு வைத்த பெயர்தான் லேட்டண்ட் ஹீட். அடுத்த பீரியடில் தமிழ் ஐயா உள்ளுறை உவமம் நடத்துவார். வண்டும் பூவும் என்று மேலே ஒரு காட்சி, தலைவன் தலைவி சங்கதி அடியில். இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு மணியடிக்கிற நேரம். ஆனால் இந்த 'உள்ளுறை'தான் அந்த 'லேட்டண்ட்' என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. வாத்தியார்களைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள், அவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

'டார்மண்ட்' என்பதோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். முன்பு இயங்கிக்கொண்டிருந்து இப்போது ஓய்ந்து கிடப்பதற்குத்தான் அதைப் பெரும்பாலும் சொல்வார்கள். லேட்டண்ட் ஒருமுறைகூடத் தலைகாட்டாமலே இருந்திருக்கலாம். அம்மாவின் வங்கிக் கணக்கில் 2 வருடம் வரவு செலவு இல்லை என்று டார்மண்ட் ஆக்கிவிட்டார்கள். அதை உயிர்ப்பிக்க ஆதார், பான், போட்டோ என்று மூன்று நடை. மூட்டு வீங்கிய மனுஷியை லிப்ட் இல்லாத மாடிக்கு வரச் சொன்னார்கள், கையெழுத்து மாறுகிறதாம். விரல் மடங்காதவருக்குக் கையெழுத்து மாறாமல் என்ன செய்யும்? சரி, அதை எழுத ஆரம்பித்தால் முடியாது.

திருட்டுப்போன வீட்டில் பீரோக் கதவில் பொடி தூவி எடுக்கிறார்களே, அந்த ரேகை லேட்டண்ட் பிரிண்ட். பொடி படுகிறவரை அது இருப்பதே தெரியாது. ஆளுக்குள் இருக்கும் திறமைக்கும் இந்தச் சொல் பொருந்தும். ஆனால் நேர்முகத் தேர்வுக்காகக் கேட்கிறீர்கள் என்றால், 'என்னிடம் லேட்டண்ட் டேலண்ட் இருக்கிறது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இதுவரை ஒன்றும் செய்யவில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.