பிணம் ஆறும் கணக்கு

கேள்வி: டாக்டர், என் மகள் பிளஸ் டூ. அவளுடைய கணக்குப் புத்தகத்தில் ஒரு கொலை வருகிறது. இரவு 8 மணிக்குப் பிணத்தின் வெப்பநிலை 70 டிகிரி ஃபாரன்ஹீட், 10 மணிக்கு 60, அறை 50. கொலை நடந்தது மாலை 5.26 என்று விடை வருகிறது. நிஜத்தில் இப்படி நிமிட சுத்தமாகச் சொல்ல முடியுமா?

பதில்: முடியாது. ஆனால் தேர்வில் 5.26 என்றே எழுதட்டும். கணக்கு சரிதான், பிணம்தான் சரியில்லை.

எப்படி என்று பாருங்கள். 8 மணிக்கு அறையைவிட 20 டிகிரி கூடுதல், 10 மணிக்கு 10. அதாவது இரண்டு மணி நேரத்தில் பாதி. உயிரோடு இருந்தபோது 98.6, கூடுதல் 48.6. அது 20 ஆவதற்கு, இரண்டு மணி நேரத்துக்குப் பாதி என்ற அதே கணக்கில் 2 மணி 34 நிமிடம். சரி, இதையே செல்சியஸில் சொல்லிப் பாருங்கள்: 37 டிகிரி உடம்பு இரண்டரை மணி நேரத்தில் 21க்கு இறங்கிவிட்டதாம்! டம்ளர் காபி ஆறலாம், ஆள் ஆறமாட்டார்.

புத்தகம் போடும் கணக்கு நியூட்டனின் குளிர்வு விதி: அறையைவிட எவ்வளவு சூடோ, அதற்கேற்ற வேகத்தில் ஆறும். அது, உள்ளும் புறமும் ஒரே சூடாக இருக்கும் பொருளுக்குத்தான் பொருந்தும். உடம்போ பானைச் சோறு மாதிரி. மேலே ஆறியிருக்கும், நடுவில் விரல் வைத்தால் சுடும். நாங்கள் ஆசனவாயில் அளப்பது அந்த நடுச் சூட்டை. இறந்த பிறகு முதலில் கொஞ்ச நேரம் அது அசையவே அசையாது. அதனால்தான் 1962இல் மார்ஷல், ஹோர் என்ற இரு ஆய்வாளர்கள், இப்படிப் பாதி பாதியாகக் குறையும் கணக்கை (அடுக்குக்குறிச் சார்பு) ஒன்றுக்குப் பதில் இரண்டாகப் போட்டார்கள். பிறகு ஜெர்மனியின் தடயவியல் மருத்துவர் ஹென்ஸ்கே உடல் எடையையும் அதில் சேர்த்தார். 70 கிலோ, துணியில்லாத உடல், 10 டிகிரி செல்சியஸ் அறை (புத்தகத்தின் 50 ஃபாரன்ஹீட்தான்) என்று அவர் சூத்திரத்தில் போட்டால், 21க்கு வர ஏறக்குறைய 18 மணி நேரம் ஆகிறது. போர்வை இருந்தால் இன்னும் கூடும். மிகச் சாதகமான நிலையிலேயே முன்பின் 2.8 மணி நேரப் பிழை உண்டு.

நம் ஊர் மே மாதத்தில் இதுவும் உதவாது. அறையே 35 டிகிரி என்றால் உடம்பு ஆற மிச்சம் இரண்டு டிகிரிதான். அப்போது விறைப்பு, ரத்தம் தேங்கிய நிறம், அழுகல், கடைசி போன் அழைப்பு இவற்றைத்தான் சேர்த்துப் பார்ப்போம். ஏசி அறை என்றால் வேறு தலைவலி: நாங்கள் போய்ச் சேருவதற்குள் யாராவது அதை அணைத்து, ஜன்னலையும் திறந்து வைத்திருப்பார்கள்.