பழைய ஸ்டூடியோ இடம் யார் யார் கைக்குப் போனது என்று எப்படிப் பார்ப்பது?

வெறும் ஈசி (பத்திரப்பதிவு அலுவலகம் தரும் வில்லங்கச் சான்று) போட்டால் பாதிக் கதைதான் வரும். ஜெமினியை எடுங்கள்: கே. சுப்ரமணியத்தின் ஸ்டூடியோ தீ விபத்துக்குப் பின் ஏலத்துக்கு வர, எஸ்.எஸ். வாசன் வாங்கினார். இன்று அங்கே பார்க் ஓட்டல்; பெயர் மட்டும் 1973-இல் கட்டிய மேம்பாலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்படிக் கிரயமானது பதிவில் கிடைக்கும். வடபழனி வாகினி வேறு மாதிரி, நாகிரெட்டி முதலில் குத்தகைக்குத்தான் எடுத்தார். பதிவாகாத குத்தகை ஈசியில் வராது. நிலம் கம்பெனி பெயரில் இருந்து பங்குகள் மட்டும் கைமாறினாலும் வராது. அதற்குக் கம்பெனிப் பதிவாளரிடம் உள்ள ஆண்டு ரிட்டர்னைப் பாருங்கள்.

தேடத் தெருப் பெயர் போதாது. டவுன் சர்வே எண்ணும் பிளாக் எண்ணும் வேண்டும். உட்பிரிவானால் எண் மாறிவிடும். பழைய எண்ணிலும் ஒரு தடவை போடுங்கள், இல்லாவிட்டால் ‘வில்லங்கம் இல்லை’ என்று வந்து ஏமாற்றும்.