புயலின் பெயருக்குக் கீழே உள்ள வரிகள்

வாசகர் கேள்வி – பதில்: வங்கக்கடல் வானிலையும் கடல் நிலையும்

கேள்வி: தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல் என்று செய்திகளில் படிப்படியாகச் சொல்கிறார்கள். ‘புயல்’ என்று அறிவித்த பிறகுதான் கடலுக்குப் போகாமல் இருக்க வேண்டுமா?

பதில்: அப்படி நினைத்துக் காத்திருப்பது ஆபத்து. இந்தப் பெயர்கள் காற்றின் வேகத்தை வைத்து இந்திய வானிலை ஆய்வுத் துறை வகுத்துக்கொண்ட படிகள். ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தில் காற்று மணிக்கு 51 முதல் 61 கிலோமீட்டர் வரை வீசும். 62ஐத் தொட்டால்தான் அது புயலாகி, அதற்குப் பெயரும் கிடைக்கும். 61க்கும் 62க்கும் உள்ள வேறுபாடு அறிக்கை எழுதுபவருக்குத் தேவையே தவிர, நடுக்கடலில் படகில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். 2017 நவம்பர் இறுதியில் இலங்கைக்குத் தெற்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, ஏறத்தாழ ஒரே நாளில் குமரிக் கடலில் ஒக்கிப் புயலாக மாறியது. பல நாள் தங்கி மீன்பிடிக்க ஆழ்கடலுக்கு முன்பே சென்றிருந்தவர்களுக்குத் திரும்பிவர அவகாசமே இருக்கவில்லை.

ஆகவே பெயரைத் தேடாமல், மீனவர்களுக்கான எச்சரிக்கையில் உள்ள வரியைப் படியுங்கள். ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்’ என்று அது வழக்கமாக வரும். அந்த ‘இடையிடையே’ என்ற சொல்லைக் கடந்து போய்விடக் கூடாது. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடியாகக் கூடுவதால், 45 கிலோமீட்டர் காற்று தள்ளுவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விசையோடு 65 கிலோமீட்டர் காற்று படகைத் தள்ளும்.

கேள்வி: அலை உயரம் 3 மீட்டர் என்று அறிவித்தால், அதைவிடப் பெரிய அலை வராது என்று பொருளா?

பதில்: இல்லை. பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அறிக்கையில் தரப்படும் உயரம், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் கடந்துபோகும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கிட்ட சராசரி. சராசரி என்றாலே அதற்கு மேலும் அலைகள் உண்டு என்றுதான் பொருள். ஆயிரம் அலைகள் கடந்துபோனால், அவற்றுள் மிகப் பெரியது அந்தச் சராசரியைப் போல ஏறத்தாழ 1.8 மடங்கு இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். எட்டு விநாடிக்கு ஓர் அலை வீதம் வருவதாக வைத்துக்கொண்டால், ஆயிரம் அலைகள் வர இரண்டேகால் மணி நேரம் போதும். ஆக, ‘3 மீட்டர்’ என்று அறிவிக்கப்பட்ட கடலில் வலை இழுத்துக்கொண்டிருப்பவர், அந்தச் சிறு நேரத்துக்குள்ளேயே ஐந்து மீட்டரைத் தாண்டும் ஓர் அலையைச் சந்திக்கக்கூடும். அந்த அலை படகின் பக்கவாட்டில் வந்து அறைந்தால் என்ன ஆகும் என்பதைக் கடலோரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: வங்கக்கடலில் மழைக்காலமான ஜூலை, ஆகஸ்டில் புயல் வராமல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருவது ஏன்?

பதில்: தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கீழ்மட்டத்தில் மேற்கிலிருந்தும், உயரே கிழக்கிலிருந்தும் பலமான காற்று வீசுகிறது. மேலும் கீழும் எதிரெதிராக வீசும் காற்றுக்கு நடுவே புயலின் மேகக் கோபுரம் நேராக நிமிர்ந்து நிற்க முடியாது. அதனால் ஒடிசா அருகே தாழ்வு மண்டலங்கள் உருவானாலும், பெரும்பாலும் புயலாகாமலே நிலத்துக்குள் நகர்ந்துவிடுகின்றன. அக்டோபரில் இந்த முரண் தணிகிறது. கடலின் வெப்பமோ புயலுக்குத் தேவையான 26.5 டிகிரி செல்சியசுக்கு மேலேயே இருக்கிறது. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் நன்னீர், உப்பு நீரைவிட இலேசானது என்பதால் மேலே படலமாகப் பரவி, ஆழத்துக் குளிர்ந்த நீர் எளிதில் மேலெழுந்து கலக்க விடாமல் தடுப்பதும் இதற்குத் துணை செய்கிறது.

கேள்வி: துறைமுகத்தில் ஏற்றும் 5ஆம் எண் கூண்டுக்கும் 6ஆம் எண் கூண்டுக்கும் என்ன வேறுபாடு? புயல் நேரத்தில் சில இடங்களில் கடல் உள்வாங்குவதும் ஏன்?

பதில்: இரண்டுக்கும் ஒரே விடை. புயல் செல்லும் திசையைப் பார்த்து நின்றால் துறைமுகம் இடப்புறம் அமையும் என்பதற்கு 5, வலப்புறம் அமையும் என்பதற்கு 6. நம் பகுதியில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. கிழக்கிலிருந்து மேற்காக வந்து கரையைக் கடக்கும் புயலின் வலப்புறமான வடக்கே காற்று கடல் நீரைக் கரைமேல் தள்ளும். இடப்புறமான தெற்கே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் நீர் பின்வாங்கும். உள்வாங்கிய கடலைப் பார்க்க மணலில் இறங்கி நிற்பவர்களைக் காணும்போது எனக்குப் பெரும் கவலையாக இருக்கிறது. காற்று திசை மாறினால் அதே நீர் திரும்பி வரும். 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசக் கரையில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததற்குப் பெரும் காரணம், புயல் தள்ளிக்கொண்டு வந்த இந்தக் கடல் நீர்ப்பெருக்குதான்.

கேள்வி: வானம் தெளிவாக இருந்தது, காற்றும் இல்லை. ஆனாலும் கடல் பொங்கிக் குடியிருப்புக்குள் வந்துவிட்டது. இது எப்படி?

பதில்: கேரளக் கரையில் இதைக் ‘கள்ளக்கடல்’ என்பார்கள். திருடனைப் போலச் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். தெற்கு இந்தியப் பெருங்கடலில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 30 பாகைக்கும் அப்பால், பலத்த காற்று எழுப்பும் நீண்ட அலைகள் நம் தென்கரை வரை வந்து சேருகின்றன. 18 விநாடி இடைவெளி உள்ள அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு நான்கு நாளைக்கு மேல் ஆகும். அங்கே காற்று ஓய்ந்த பிறகுதான் இங்கே கடல் கொந்தளிக்கிறது.

நடுக்கடலில் இருக்கும் படகு இந்த அலையில் மெல்ல ஏறி இறங்கும். பெரும்பாலும் கவனத்துக்குக்கூட வராது. கரையை நெருங்கி ஆழம் குறையும்போது வேகம் தணிந்து, உயரம் கூடி, நீர் வெகுதூரம் மேலேறிவிட்டுப் பின்வாங்கும்போது மணலையும் ஆளையும் சேர்த்து இழுக்கும். 2024 மே மாதம் குமரி மாவட்டக் கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐவர் உயிரிழந்த நாளில், கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது என்பது நெஞ்சை அறுக்கிறது.

நான்கு நாள் பயணம் என்பதால் இதை முன்கூட்டியே கணிக்க முடிகிறது. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் கரையோர மாவட்டங்களுக்கு எச்சரிக்கை வெளியிடுகிறது. அதில் அலை உயரத்தோடு அலை இடைவெளியையும் பாருங்கள். உயரம் ஒன்றரை மீட்டராகவே இருந்தாலும் இடைவெளி 16, 18 விநாடி என்று இருந்தால், அன்று படகுகளை மேட்டில் ஏற்றி, ஒன்றோடொன்று மோதாதபடி தள்ளித் தள்ளிக் கட்டுங்கள். பிள்ளைகளை நீரோரத்தில் விளையாட விடாதீர்கள்.