கலவை மாத்திரையும் பல இலக்கு மருந்தும் ஒன்றா?

தென்னாப்பிரிக்காவில் 2019 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளுக்குத் தரப்படும் மும்மருந்து மாத்திரையைத்தான் பல இலக்கு மருந்து என்கிறார்களா என்று டர்பனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அதில் டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் வைரஸின் ஒரு நொதியையும், டோலுடெக்ராவிர் வேறொரு நொதியையும் தடுக்கின்றன. ஒரே மாத்திரையில் இருந்தாலும் அவை தனித்தனி மூலக்கூறுகள்.

பல இலக்கு மருந்தில் ஒரே மூலக்கூறு பல இடங்களில் பொருந்துகிறது. அமெரிக்காவில் 2022இல் நீரிழிவுக்கு அனுமதி பெற்ற டிர்செபடைடு, 39 அமினோ அமிலங்கள் கொண்ட ஒற்றைச் சங்கிலியாக இருந்துகொண்டே, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் ஜி.எல்.பி.-1, ஜி.ஐ.பி. என்னும் இரு குடல் இயக்குநீர்களின் ஏற்பிகளிலும் (செல்களில் அந்த இயக்குநீர்கள் வந்து பொருந்தும் இடங்களிலும்) செயல்படுகிறது. (உங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் சர்க்கரை நோய் பற்றிய பேச்சே எழாத தமிழ் வீட்டைத் தேடத்தான் வேண்டும்.)

வடிவமைப்பின் சிக்கல், என் பார்வையில், அளவில்தான் இருக்கிறது: கலவை மாத்திரையைத் தயாரிக்கும்போது ஒவ்வொரு மருந்தின் அளவையும் தனியே கூட்டிக் குறைக்கலாம், ஒற்றை மூலக்கூறிலோ ஓர் இலக்கின் மீதான வீரியத்தை மாற்றக் கட்டமைப்பையே திருத்த வேண்டும், அப்போது மற்ற இலக்கின் மீதான பிடிப்பும் மாறிவிடக்கூடும்.